டோனாவூர் அம்மை: ஏமி கார்மைக்கேலின் வாழ்வும் குழந்தைப் பராமரிப்புப் பணியும் (1867–1951)

ஆய்வுச்சுருக்கம்

அயர்லாந்தில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, டோனாவூரில் மறைந்தவர் ஏமி கார்மைக்கேல். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் நிலையில் இருந்த பெண் குழந்தைகளுக்கும், பின்னர் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கும் அவர் அமைத்த இல்லம், தமிழ்நாட்டுக் குழந்தைப் பராமரிப்பு வரலாற்றில் முன்னோடியான ஒன்றாகும். இக்கட்டுரை அவரது வாழ்க்கையைக் கால வரிசையில் தொகுத்துரைக்கிறது. அவ்வில்லம் தமிழ் உறவுமுறைச் சொற்களைக் கொண்டு கட்டப்பட்ட முறையையும், குழந்தை யாருக்கு உரியது என்னும் கேள்வி அவர் வாழ்வில் எழுந்த சூழல்களையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஏமி கார்மைக்கேல், டோனாவூர், பொட்டுக்கட்டுதல், உறவுமுறைச் சொற்கள், நெல்லைக் கிறித்தவம், குழந்தைப் பராமரிப்பு.

முன்னுரை

நெல்லைக் கிறித்தவ வரலாறு தமிழாய்வில் பெரும்பாலும் மொழிப்பணியின் வழியாகவே அறியப்படுகிறது. இரேனியுசின் உரைநடை, கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம், போப்பின் மொழிபெயர்ப்புகள் ஆகியவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. இலக்கணமோ அகராதியோ எழுதாத காரணத்தால் ஏமி கார்மைக்கேல் இந்த வரிசையில் இடம்பெறுவதில்லை. அவர் எழுதிய முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களும் ஆங்கிலத்தில் அமைந்தவை. மேலைநாட்டுப் பக்தி வாசகர்களை நோக்கியவை. எனினும் அவருடைய அன்றாட வாழ்வு தமிழில் நடந்தது. அவர் உருவாக்கிய இல்லத்தின் அமைப்பும் தமிழ்ச் சொற்களால் ஆனது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் ஒரு குழந்தையின் மீது உரிமை கொண்டாடியவர் பலர். பெற்றோர், உறவினர், சாதி, கோயில், நீதிமன்றம், மறைத்தொண்டு நிறுவனம் என அவ்வுரிமை பல முனைகளில் மோதியது. ஏமியின் வாழ்க்கை இம்மோதலின் நடுவில் கழிந்தது. அவரைத் தியாகத்தின் திருவுருவாகக் காட்டும் பக்தி வரலாறுகளும், காலனிய மதமாற்றத்தின் முகவராக மட்டும் காணும் பார்வையும் இம்மோதலை முழுமையாக விளக்கவில்லை. நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது இவ்விரண்டுக்கும் அப்பால் செல்ல உதவும்.

இளமையும் பெல்பாஸ்ட் ஆலைப் பெண்களும்

அயர்லாந்தின் வடபகுதியில், கவுண்டி டவுனைச் சேர்ந்த மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் 1867 டிசம்பர் 16 அன்று ஏமி பிறந்தார். பெற்றோர் டேவிட் கார்மைக்கேல், கேத்தரின். மாவு ஆலை நடத்திய, பிரெஸ்பிட்டீரியன் சபையைச் சார்ந்த அக்குடும்பத்தின் ஏழு குழந்தைகளில் ஏமியே மூத்தவர். குடும்பம் பெல்பாஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்த பின் தொழிலில் நலிவு ஏற்பட்டது. 1885-இல் தந்தை இறந்தார். பதினேழு வயதில் தாய்க்குத் துணையாகத் தம்பி தங்கையரைக் கவனிக்கும் பொறுப்பு ஏமியின் மேல் விழுந்தது.

அக்காலப் பெல்பாஸ்ட் துணி ஆலைகளால் வளர்ந்த நகரம். தொப்பி வாங்கப் பணமின்றிச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வேலைக்குச் சென்ற ஆலைப் பெண்களைச் சபையின் செல்வர்கள் தம்மோடு சமமாக அமர்த்த விரும்பவில்லை. ஏமி அப்பெண்களைத் திரட்டி வகுப்புகள் நடத்தினார். கூட்டம் பெருகவே, 1889-இல் அவர்களுக்கெனத் தகரக் கூடம் ஒன்று எழுப்பப்பட்டது. சபைக்குள் ஒதுக்கப்பட்டவர்க்குத் தனி இடம் அமைத்துத் தருவது என்னும் செயல்முறை இங்கேயே தொடங்கிவிட்டது. பின்னாளில் டோனாவூரில் அவர் செய்ததும் இதன் விரிவாக்கமே.

இங்கிலாந்தின் கெஸ்விக் ஆன்மீகக் கூட்டங்களோடு ஏற்பட்ட தொடர்பு அவரது சமயப் பார்வையை உருவாக்கியது. அவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான இராபர்ட் வில்சன், மகளை இழந்த துயரில் இருந்தவர். ஏமியைத் தம் வீட்டில் மகளாக ஏற்றுக்கொண்டார். பெற்ற தாய் உயிரோடிருக்கையிலேயே வேறொரு வீட்டில் வளர்ப்பு மகளாக வாழ்ந்த இப்பட்டறிவு, இரத்த உறவுக்கு வெளியிலும் குடும்பம் அமையக்கூடும் என்பதை அவருக்கு உணர்த்தியிருத்தல் கூடும்.

ஜப்பான் வழியாகத் தமிழகம்

1893-இல் ஏமி ஜப்பானுக்குச் சென்று மாட்சுயே நகரில் பணியாற்றினார். நோயுற்ற முதியவள் ஒருத்தி அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் அணிந்திருந்த கையுறையைக் கண்டு அதன்மேல் கவனம் திரும்பிவிட்ட நிகழ்ச்சி அவரைப் பாதித்தது. அதன்பின் அவர் ஜப்பானிய உடைக்கு மாறினார். தமிழகத்தில் ஐரோப்பியப் பெண் ஊழியர் சேலை உடுத்துவதை அவர் வழக்கமாக்கியதற்கு இந்நிகழ்ச்சியே தோற்றுவாய். உடல்நலக் குறைவால் ஜப்பானை விட்டு நீங்கி, 1894-இல் இலங்கையில் சிறிது காலம் தங்கி, வில்சனின் நோய் பற்றிய செய்தி கேட்டுத் தாயகம் திரும்பினார்.

இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மிஷன் சங்கத்தின் வழியாக 1895 நவம்பரில் பெங்களூர் வந்து சேர்ந்தார். அதன்பின் இறக்கும் வரை அவர் தாயகம் திரும்பவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒருமுறையும் விடுப்பெடுக்காமை அக்கால மறைத்தொண்டரிடையே மிக அரிது. பெங்களூரின் ஐரோப்பியக் குடியிருப்பு வாழ்வு அவருக்கு ஒத்துவரவில்லை. நெல்லையில் பணியாற்றிய தாமஸ் வாக்கர் தமிழ் கற்பிக்க இசைந்ததால் 1896-இல் அங்குச் சென்றார். தாமிரபரணிக் கரையை ஒட்டிய பண்ணைவிளை அவரது தொடக்ககால இருப்பிடங்களுள் ஒன்றாயிற்று.

வாக்கரிடம் அவர் கற்றது மொழி மட்டுமன்று. பெயரளவில் கிறித்தவராக இருப்போரின் எண்ணிக்கையைப் பெருக்குவதில் வாக்கருக்கு நாட்டமில்லை. அறிக்கைகளுக்காகப் பணியைப் பெரிதுபடுத்தும் வழக்கத்தை அவர் கண்டித்தார். எண்ணிக்கையின் மேல் கொண்ட இந்த ஐயம் ஏமியின் எழுத்திலும் நிலைபெற்றது.

ஊர் ஊராகச் சென்ற பெண்கள் குழு

தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று பெண்களிடம் பேசும் குழு ஒன்றை ஏமி அமைத்தார். ஊரார் அதற்கு விண்மீன் கூட்டம் என்னும் பொருளமைந்த பெயரிட்டனர் என அவர் குறித்துள்ளார். அக்குழுவின் முதன்மை உறுப்பினர் பொன்னம்மாள், இளம் வயதில் கணவரை இழந்தவர். கைம்பெண் வீட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்ற நெறி கிறித்தவக் குடும்பங்களிலும் நிலவிய காலத்தில் அவர் வெளியே வந்து ஊர்ப்பயணம் மேற்கொண்டார். குழுவினர் நகைகளைக் களைந்ததும் ஊதியம் கருதாமல் உழைத்ததும் அக்காலச் சபையில் சலசலப்பை உண்டாக்கின. பெண்ணின் நகை குடும்பத்தின் மதிப்பையும் சேமிப்பையும் குறித்ததால், அதைக் களைவது உறவினர்க்கு அவமதிப்பாகத் தோன்றியது.

ஐரோப்பியர் நுழைய இயலாத வீடுகளுக்குள் பொன்னம்மாளும் பிறரும் நுழைந்தனர். எந்த வீட்டில் எந்தக் குழந்தை என்ன நிலையில் உள்ளது என்னும் செய்தி அவர்கள் வழியாகவே வந்தது. ஏமியின் பெயரால் அறியப்படும் பணியின் அடித்தளம் தமிழ்ப் பெண்களின் உள்ளறிவால் ஆனது என்பதை வரலாறுகள் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

திருப்புமுனை: 1901

டோனாவூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், களக்காட்டுக்கு அண்மையில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரேனியுஸ் உருவாக்கிய கிறித்தவக் குடியிருப்பு அது. பொருளுதவி செய்த செருமானியப் பிரபு டோனாவின் பெயர் அதற்கு இடப்பட்டது. வாக்கர் தம்பதியரோடு ஏமி இங்கு வந்தது தற்காலிகத் தங்கலுக்காகவே.

1901 மார்ச்சு மாதத்தில், பண்ணைவிளைக்கு அருகிலிருந்த ஊர் ஒன்றில் கோயிற்பெண்களின் பொறுப்பில் விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி அங்கிருந்து தப்பி ஏமியிடம் வந்து சேர்ந்தாள். பிரீனா என்பது அவள் பெயர். அதற்கு முன் ஒருமுறை அவள் தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் சென்றிருந்தாள். நேர்ந்துவிட்ட குழந்தையை வைத்துக்கொள்ள அஞ்சிய தாய் அவளைத் திருப்பி அனுப்பினாள். தண்டனையாக அவள் கைகளில் சூடு வைக்கப்பட்டது. இரண்டாம் முறை அவள் தாயைத் தேடிச் செல்லவில்லை. அச்சிறுமி சொன்ன செய்திகளிலிருந்தே, பொட்டுக்கட்டும் வழக்கம் குழந்தையின் பக்கத்திலிருந்து எப்படிப்பட்டது என்பதை ஏமி அறிந்தார்.

தேவதாசி முறை பற்றிய பொதுவிவாதம் சென்னை மாகாணத்தில் 1890-களிலேயே தொடங்கிவிட்டது. நாட்டிய நிகழ்ச்சிகளைப் புறக்கணிக்கக் கோரிய அவ்வியக்கம் பெரும்பாலும் விருந்தினரான ஆடவரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியது. குழந்தைகளைப் பற்றிப் பேசியது குறைவு. ஏமி கவனத்தைக் குழந்தையின்மேல் திருப்பினார். மறுபுறம், தேவதாசி மரபின் இசை, நாட்டியக் கலைவளமும், அப்பெண்களுக்கிருந்த சொத்துரிமையும் தத்துரிமையும் அவர் எழுத்தில் இடம்பெறவில்லை. சிறுமியின் சூட்டுத் தழும்பு வழியாக மட்டும் அவர் அம்முறையைக் கண்டார். அவர் பார்வையின் கூர்மைக்கும் குறுக்கத்துக்கும் காரணம் இதுவே.

பச்சிளங்குழந்தைகளின் வருகை

1904-இல் பிறந்து சில நாள்களே ஆன பெண் குழந்தை ஒன்றைத் தமிழ்ப் போதகர் ஒருவர் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து கைக்குழந்தைகள் வரத்தொடங்கின. ஊர்ப்பயணக் குழு அதோடு கட்டுண்டது. குழந்தையைத் தனியே விட்டுவிட்டு வண்டியேற இயலாது. மறைபரப்புக்காக வந்த பெண் தாதி வேலை செய்வதா என்னும் கேள்வி சக ஊழியரிடையே எழுந்தது. இயேசு சீடரின் கால்களைக் கழுவிய நிகழ்வையே ஏமி இதற்கு விடையாகக் கொண்டார்.

நடைமுறைச் சிக்கல் பால். தாய்ப்பால் இல்லாத பச்சிளங்குழந்தைகளை வளர்ப்பது அக்காலத்தில் பெரும் இடர். பிறர் குழந்தைக்குப் பாலூட்ட முன்வரும் செவிலியைச் சாதிக்கட்டுப்பாடு நிறைந்த ஊர்களில் காண்பது அரிது. பசும்பாலின் தூய்மையை உறுதிசெய்ய வழியில்லை. அருகில் மருத்துவரும் இல்லை. தொடக்க ஆண்டுகளில் குழந்தைகள் பலர் இறந்தனர். இந்திரநீலா என்னும் குழந்தையின் மரணம் 1905-இன் தொடக்கத்தில் ஏமியை மிகவும் வருத்தியது. இதன் விளைவாக, இலண்டன் மிஷன் மருத்துவமனை இருந்த தென் திருவிதாங்கூரின் நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கெனத் தனி இல்லம் வாடகை வீட்டில் அமைக்கப்பட்டது. அதன் பொறுப்பைப் பொன்னம்மாள் ஏற்றார். பால் கலக்கும் அளவு முதல் பாத்திரத் தூய்மை வரை அவர் கற்று, இளம்பெண்களுக்குக் கற்பித்தார். குழந்தை வளர்ப்பு பயிற்சி பெற்ற தொழிலாக அங்கு உருப்பெற்றது. அப்பயிற்சி பெற்றவர்கள் டோனாவூரின் முதல் தலைமுறைத் தாதியர் ஆயினர்.

1904 இறுதியில் ஏமியின் தாய் கேத்தரின் டோனாவூர் வந்து ஓராண்டுக்கும் மேல் தங்கிக் குழந்தைகளைக் கவனித்தார். 1913-ஐ ஒட்டி இல்லத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் குழந்தைகள் இருந்தனர். 1912-இல் வாக்கரும், 1913-இல் கேத்தரினும், 1915-இல் பொன்னம்மாளும் மறைந்தனர். மூன்றாண்டுக்குள் ஆசானையும் தாயையும் தலைமைத் துணைவியையும் இழந்த நிலையில் இல்லத்தின் முழுப்பொறுப்பும் ஏமியிடம் வந்தது.

உறவுச் சொற்களால் ஆன இல்லம்

டோனாவூரின் தனித்தன்மை அதன் அழைப்புமுறையில் வெளிப்படுகிறது. ஏமியைக் குழந்தைகள் அம்மா என்றும், நெல்லை வழக்கில் அம்மை என்றும் அழைத்தனர். பெண் ஊழியர்கள், தமிழராயினும் ஐரோப்பியராயினும், சித்தி எனப்பட்டனர். குழந்தைகளை நேரடியாகக் கவனித்த மூத்த பெண்கள் அக்காள். பின்னர் வந்த ஆண் ஊழியர்கள் அண்ணாச்சி.

இச்சொற்களின் தேர்வு கருதத்தக்கது. துரைசாணி, மதாம் என்னும் சொற்கள் ஐரோப்பியப் பெண்களுக்கு வழங்கிய காலம் அது. அவை ஆளும் இனத்தின் உயர்வைக் குறிப்பன. சித்தி என்பதோ தாயின் தங்கை. மூத்தவள் அம்மை என்றால் ஏனைய பெண்கள் அனைவரும் அவளுக்குத் தங்கையராகி, இல்லம் ஒரே தாய்வழிக் குடும்பமாகிறது. தமிழில் சித்தி என்பதற்கு மாற்றாந்தாய் என்னும் பொருளும் உண்டு. கதை மரபில் மாற்றாந்தாய் கொடுமைக்காரி. அச்சொல்லை அன்புக்குரிய அழைப்பாக மீட்டெடுத்தது இவ்வில்லத்தின் பேச்சு வழக்கு. அண்ணாச்சி என்பது கடைக்காரர் முதல் ஊர்ப்பெரியவர் வரை நெல்லையில் மரியாதையோடு வழங்கும் சொல். ஆண்கள் தமையன் நிலையில் வைக்கப்பட்டனரே தவிரத் தந்தை நிலையில் வைக்கப்படவில்லை. தந்தை என்னும் இடம் கடவுளுக்கென ஒதுக்கப்பட்டது எனக் கொள்ள இடமுண்டு.

பிறந்த நாள் தெரியாத குழந்தைகளுக்கு இல்லத்துக்கு வந்த நாளே கொண்டாட்ட நாளாக அமைந்தது. பிறப்பு, குலம், சாதி ஆகியவற்றை அடையாளமாகக் கொள்ளும் சமூகத்தில் வருகையை அடையாளமாக்கிய இவ்வழக்கம் எளியதாயினும் ஆழமானது. எல்லாச் சாதியினரும் ஒன்றாக உண்டனர். ஒன்றாக வேலை செய்தனர். ஊழியர்க்கு ஊதியம் இல்லை. யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பதும் கடன் வாங்குவதில்லை என்பதும் நெறிகளாக இருந்தன.

1916-இல், மணம் புரியாமல் பணிக்கே தம்மை அளிக்க விரும்பிய இளம்பெண்களுக்கான பொதுவாழ்வுச் சகோதரிகள் என்னும் குழுவை ஏமி தொடங்கினார். திருமணமே பெண்ணின் ஒரே முடிவாகக் கருதப்பட்ட சூழலில், கன்னிமாட மரபில்லாத சீர்திருத்தச் சபையில் இது துணிவான முயற்சி. இதே அமைப்பின் மறுபக்கமும் உண்டு. அம்மை என்னும் சொல் அன்போடு அதிகாரத்தையும் கொண்டது. தாயின் முடிவை எதிர்ப்பது நன்றியின்மையாகத் தோன்றும். இறுதி முடிவுகள் ஒருவரிடமே குவிந்தன.

எழுத்தும் எதிர்ப்பும்

1903-இல் வெளிவந்த திங்ஸ் ஆஸ் தே ஆர் என்னும் நூல், நெல்லையின் நிலையை உள்ளவாறு உரைப்பதாகத் தலைப்பிலேயே அறிவித்தது. மதமாற்ற வெற்றிகளைக் கேட்டுப் பழகிய ஆங்கில வாசகர்க்குத் தோல்விகளையும் மறுப்புகளையும் அது எடுத்துரைத்தது. இத்தகைய எழுத்து உதவியைக் குறைத்துவிடும் என அஞ்சிய மறைத்தொண்டர் சிலர் அவரைத் தாயகத்துக்குத் திருப்பி அழைக்க விரும்பினர். பிற்பதிப்புகளில், நூலின் செய்திகள் உண்மை எனப் பிற ஊழியர்கள் அளித்த சான்றுகள் சேர்க்கப்பட்டன. குழந்தைகளைப் பற்றிய லோட்டஸ் பட்ஸ் 1909-இலும், இல்லத்தின் வரலாறான கோல்ட் கார்ட் 1932-இலும் வெளிவந்தன. வாக்கர், பொன்னம்மாள் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளையும் அவர் எழுதினார். சாதாரணத் தமிழ்க் கைம்பெண் ஒருவருக்கு ஐரோப்பியப் பெண் தனிநூலாக வரலாறு எழுதியது அக்காலத்தில் அரிய நிகழ்வு.

இந்நூல்களில் இந்து வழிபாடு இருளாகவும் கிறித்தவம் ஒளியாகவும் ஓயாமல் எதிர்நிறுத்தப்படுகின்றன. அது அவர் காலத்து மறைத்தொண்டர் நடை. அதை ஒதுக்கிவிட்டு வாசித்தால், ஊர்ப்பெண்களின் பேச்சு, வீட்டின் உள்ளமைப்பு, குழந்தைகளின் விளையாட்டு பற்றிய நுணுக்கமான பதிவுகள் அவற்றில் கிடைக்கின்றன.

நீதிமன்றத்தில் குழந்தை

பாதுகாப்பு, கடத்தல் என்னும் இரு சொற்களுக்கு இடையிலான எல்லை இரு வழக்குகளில் சோதிக்கப்பட்டது. முதலாவது, சொத்துரிமை உடைய செல்வக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியைப் பற்றியது. 1911-இல் நீதிமன்றம் அவளைத் தாயிடம் ஒப்படைக்கவும் வழக்குச் செலவை ஏமி ஏற்கவும் தீர்ப்பளித்தது. தீர்ப்பின்போது சிறுமி அங்கில்லை. ஆதரவாளர்கள் அவளை நாட்டைவிட்டு வெளியேற்றிச் சீனம் வரை அனுப்பியிருந்தனர். பல ஆண்டுகள் கழித்தே அவள் திரும்பி, தன் விருப்பப்படி மணம் செய்துகொண்டாள். இரண்டாவது, ஐந்து வயதில் வந்த சிறுமியை உறவினர் திரும்பக் கேட்டது பற்றியது. ஏமி அவளை ஒப்படைக்க மறுத்து வேறிடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஏழாண்டுச் சிறைத்தண்டனைக்கு வழிவகுக்கக்கூடிய குற்ற வழக்கு அவர்மேல் தொடரப்பட்டு, 1914-இல் தள்ளுபடியானது.

இவ்வழக்குகளைப் பக்தி வரலாறுகள் விசுவாசத்தின் வெற்றியாக விவரிக்கின்றன. சட்டத்தின் நோக்கில் அவர் செய்தது மீறலே. ஆயினும் அக்காலச் சட்டம் குழந்தையின் நலனைவிடக் காப்பாளரின் உரிமையையே முதன்மையாகக் கருதியது. பிரீனாவைத் தாய் திருப்பி அனுப்பிய நிகழ்வு, பெற்றோரிடம் சேர்த்தலே பாதுகாப்பு என்னும் கருத்தை ஏமியிடம் உடைத்திருந்தது. அதேவேளை, உறவினரின் உரிமைக்கோரிக்கை எப்போதும் தீய நோக்கம் கொண்டது என முடிவு செய்யும் அதிகாரத்தை ஓர் அயல்நாட்டுப் பெண் தனியே எடுத்துக்கொண்டதும் எளிதில் கடந்துபோகத் தக்கதன்று. அம்முடிவு சில குழந்தைகளுக்கு உயிரளித்திருக்கும். சில தாய்மாருக்குத் தீராத இழப்பாகவும் இருந்திருக்கும். இரண்டையும் ஒருசேரக் கணக்கில் கொள்வதே வரலாற்றாய்வின் கடமை.

1924-இல் வெளியான மிமோசா இதற்கு ஒரு மாற்றுச் சான்று. இல்லத்தில் தங்க விரும்பியும் தந்தையால் திரும்ப அழைத்துச் செல்லப்பட்ட சிறுமி ஒருத்தி, மணமாகி வறுமையில் உழன்று, பல்லாண்டுகளுக்குப் பின் தன் மக்களோடு டோனாவூரைத் தேடி வந்த வரலாறு அது. எல்லாச் சிறுமியரையும் ஏமி தடுத்து வைத்துக்கொண்டார் என்பது சரியன்று என்பதை இந்நூல் காட்டுகிறது.

ஆண் குழந்தைகளும் செம்புலிங்கமும்

1918 முதல் ஆண் குழந்தைகளும் இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். சிறுவரை நாடகக் குழுக்களுக்கு விற்கும் வழக்கம் பற்றி ஏமி கேள்விப்பட்டதே இதற்குத் தூண்டுதல். தமிழ் நாடக வரலாற்றில் இது பாலர் நாடகக் குழுக்களின் வளர்ச்சிக் காலம். அக்குழுக்கள் கலைக்கு அளித்த கொடை பெரிது. சிறுவயதில் அவற்றில் சேர்ந்து வளர்ந்த தி.க. சண்முகம் எழுதிய தன்வரலாறு அதை உள்ளிருந்து காட்டுகிறது. ஏமி வெளியிலிருந்து இடரை மட்டும் கண்டார். இவ்விரு பார்வைகளையும் இணைத்து ஆராய்வது பயன்தரும்.

நெல்லைப் பகுதியில் கதைப்பாடல்களிலும் வாய்மொழி வழக்கிலும் வாழும் செம்புலிங்கத்தோடும் ஏமிக்குத் தொடர்பு இருந்தது. வழிப்பறியாளராகத் தேடப்பட்ட அவரை ஏமி சந்தித்துச் சரணடையத் தூண்டினார். அவர் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் உறுதியளித்தார். செம்புலிங்கம் சிறையில் ஞானஸ்நானம் பெற்று, பின்னர்த் தப்பி, 1923-இல் கொல்லப்பட்டார். இராஜ் என்னும் பெயரில் அவர் வரலாற்றை ஏமி நூலாக்கினார். நாட்டார் வழக்கின் வீரனும் ஏமி காட்டும் மனம் திரும்பிய மனிதனும் ஒருவரே என்பது நாட்டார் வழக்காற்றியலார் கருதத்தக்க செய்தி.

பிரிவும் தன்னாட்சியும்

1919-இல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியபோது அவர் தயக்கத்தோடு ஏற்றார், விழாவுக்குச் செல்லவில்லை. 1924 இறுதியில் டோனாவூர் வந்த இசுடீபன் நீல், பின்னாளில் திருநெல்வேலிப் பேராயரும் திருச்சபை வரலாற்றாசிரியரும் ஆனவர். இல்லச் சிறுவர் வெளிப்பள்ளிகளோடும் சுற்றியுள்ள சமூகத்தோடும் கலந்து பழக வேண்டும் என்பது அவர் கருத்து. வெளியுலகத் தாக்கத்திலிருந்து குழந்தைகளைக் காப்பதே ஏமியின் நோக்கம். ஓராண்டுக்குள் இருவரும் பிரிந்தனர். இது இருவரின் மனவேறுபாடு மட்டுமன்று. பாதுகாப்பு இல்லங்கள் அனைத்தும் இன்றும் எதிர்கொள்ளும் கேள்வி இது: காப்பதற்காக எழுப்பிய மதில் எப்போது தடையாகிறது?

1925-ஐ ஒட்டிச் செனானா சங்கத்திலிருந்து விலகிய பின், டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவு பெற்றது. காட்பிரே வெப்-பெப்ளோ சிறுவர் பணியையும், அவர் தமையனும் மருத்துவருமான முர்ரே மருத்துவப் பணியையும் ஏற்றனர். ஊராருக்கும் பயன்படும் மருத்துவமனை உருவாயிற்று. தம் குழந்தைகளைக் காக்கத் தொடங்கிய மருத்துவம், மதிலுக்கு வெளியே இருந்தவர்களோடு இல்லத்தை இணைத்தது.

இறுதி இருபது ஆண்டுகள்

1931 அக்டோபர் 24 அன்று, களக்காட்டில் மருந்தகம் அமைக்க எடுத்த வீட்டைப் பார்வையிடச் சென்ற ஏமி, அங்கு வெட்டப்பட்டிருந்த குழியில் தவறி விழுந்தார். காலெலும்பு முறிந்தது. அதன்பின் பெரும்பாலும் அறைக்குள்ளேயே அவர் வாழ்வு கழிந்தது. நிருவாகம் பிறர் கைக்குச் சென்றது. குழந்தைகள் ஒவ்வொருவராக அவர் அறைக்கு வந்து பார்த்துச் சென்றனர். நோயுற்றோர்க்காக எழுதிய ரோஸ் பிரம் பிரையர் உள்ளிட்ட பல நூல்கள் அக்கட்டிலில் எழுதப்பட்டவை. தமக்குப் பின் தலைமை ஏற்பார் என எண்ணியிருந்த வளர்ப்பு மகள் அருளாய் 1939-இல் இறந்தார்.

இதே காலத்தில் வெளியே சமூகம் மாறிக்கொண்டிருந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929-இல் தேவதாசியரின் மானிய நிலங்கள் பணிக்கடனிலிருந்து விடுவிக்கப்பட்டன. 1930-இல் ஔவை இல்லம் தோன்றியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அம்முறைக்குள்ளிருந்தே எதிர்க்குரல் எழுப்பினார். 1947-இல் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. ஏமி தனித்தனிக் குழந்தைகளை மீட்டார். இவர்கள் முறையையே மாற்ற முனைந்தனர். சட்டம் வரும் வரை காத்திருக்க இயலாத குழந்தைக்கு இல்லம் தேவை. இல்லத்துக்கு வந்து சேர இயலாத குழந்தைகளுக்குச் சட்டம் தேவை. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்தன.

1951 சனவரி 18 அன்று ஏமி டோனாவூரில் இறந்தார். தம் கல்லறையில் நினைவுக்கல் நாட்டக்கூடாது என அவர் கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தைகள் அங்குப் பறவைகள் நீரருந்தும் கல்தொட்டி ஒன்றை அமைத்து, அம்மை என்னும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தனர்.

முடிவுரை

ஏமி கார்மைக்கேலின் வாழ்விலிருந்து பெறப்படுவன வருமாறு:

தமிழ்ப் பெண்களின் உழைப்பும் ஊரறிவும் இல்லாமல் டோனாவூர் இல்லம் உருவாகியிருக்க இயலாது. பொன்னம்மாள் முதலியோரின் பங்கு தனியே ஆராயப்பட வேண்டும்.

நெல்லை வட்டார உறவுச் சொற்களே அவ்வில்லத்தின் அமைப்புச் சட்டமாக இயங்கின. அவை சாதியையும் இனத்தையும் கடந்த உறவை உண்டாக்கின; கேள்விக்கு உட்படாத தாய்மை அதிகாரத்தையும் உண்டாக்கின.

குழந்தையின் நலன் காப்பாளரின் உரிமைக்கு மேலானது என்னும் கருத்தை, சட்டம் ஏற்பதற்கு முன்பே அவர் நடைமுறைப்படுத்தினார். அதற்காக அவர் கையாண்ட வழிகள் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல.

அவரது சமயச் சார்பு, அவர் கண்ட உண்மைகளைத் தேர்ந்தெடுத்த விதத்தைத் தீர்மானித்தது. அவர் நூல்களைத் தேவதாசி மரபு, நாடகம், நாட்டார் வழக்காறு பற்றிய தமிழ்ச் சான்றுகளோடு ஒப்பிட்டு வாசிப்பது அவசியம்.

அவரைப் பற்றிய மதிப்பீடு எவ்வாறு அமையினும், அக்கல்தொட்டியில் உள்ள சொல்லைத் தேர்ந்தவர்கள் அவ்வில்லத்தில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய வாய்மொழிச் சான்றுகளைத் தொகுப்பதே இத்துறையில் அடுத்துச் செய்யவேண்டிய பணியாகும்.